அட்டை எடுக்கும் முடிவு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மாத்தளை நகரைத் தாண்டி 3 கிலோமீற்றர் அளவில் வடக்கே போனால் அலுவிகாரை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பெரும் பாறைகள். அவற்றின் இடுக்குகளில் குகை விகாரைகள். பிக்குகள் மனனம் செய்து வாய்மொழியாகவே காத்துவந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் இங்கேதான் ஓலைகளில் எழுதப்பட்டது என்கிறது பௌத்த மரபு. போரும் பஞ்சமும் சூழ்ந்த காலம் அது. மனனம் செய்தவர்கள் மடிந்தால் நூலும் மடிந்துவிடும் என்ற அச்சமே அவர்களை ஓலையை நாட வைத்தது. இன்றைக்கும் விகாரை நூலகத்தில், ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி கலந்த எண்ணெயைப் பூசித் துடைத்து, எழுத்து கறுத்துத் தெரிவதைப் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள்.

விகாரையைப் பார்த்தவர்களின் அடுத்த தரிப்பு பெரும்பாலும் வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் ஒன்று. கறுவா, மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய், வனிலா என்று செடி செடியாகக் காட்டிக்கொண்டு போகும் வழிகாட்டி கடைசியில் கடைக்குள் கொண்டுவந்து விடுவார். வாங்குபவர்களில் பலர் வெளிநாட்டவர். பணம் கொடுக்க அட்டையை எடுக்கிறார்கள். இயந்திரத்தின் மேல் காட்டுகிறார்கள். ஒரு ‘பீப்’, அவ்வளவுதான். அரை நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்த அரை நொடியில் அட்டை சும்மா இருப்பதில்லை. தான் எந்த நாட்டில் இருக்கிறது, எவ்வளவு தொகை கேட்கப்படுகிறது, கடைசியாக இரகசிய இலக்கம் கேட்கப்பட்டதிலிருந்து எத்தனை தடவை பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்றெல்லாம் பார்த்து, இந்த இடத்தில் தான் எந்த அட்டையாக நடந்துகொள்வது என்று முடிவெடுக்க அதனால் முடியும். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, அதை யார் எழுதி வைக்கிறார்கள், யார் அதைக் குலைக்கப் பார்த்தார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

‘பீப்’ ஒலிக்கு முன்

ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் அலுவிகாரைக் கடையில் கறுவா எண்ணெயும் மிளகும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அட்டைக்குள் மின்கலம் கிடையாது. இயந்திரம் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அட்டையின் பிளாஸ்டிக்குக்குள் ஓரமாகச் சுற்றி வைத்திருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் அந்தப் புலத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. சில சென்றிமீற்றர் தூரத்துக்குள் இருந்தால்தான் இது நடக்கும். மின்சாரம் வந்ததும், நகத்தைவிடச் சிறிய சிப்புக்குள் இருக்கும் கணினி விழித்துக்கொள்கிறது. அதற்கென்று நுண்செயலி உண்டு, நினைவகம் உண்டு, மறைகுறிக் கணக்குகளை வேகமாகப் போடத் தனிப்பகுதியும் உண்டு.

இயந்திரத்தின் முதல் கேள்வி: உன்னிடம் என்னென்ன கட்டணச் செயலிகள் இருக்கின்றன? ஒரு சிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் இருக்கலாம். ஜெர்மனியின் பல வங்கி அட்டைகளில் அந்நாட்டுக்கே உரிய ‘ஜிரோகார்ட்’ ஒன்றும், விசா அல்லது மாஸ்டர்கார்ட் ஒன்றுமாக இரண்டு இருக்கும். பெர்லின் கடையொன்றில் இதே அட்டை ஜிரோகார்டாகவே நடந்துகொள்ளக்கூடும். மாத்தளை இயந்திரத்துக்கு ஜிரோகார்ட் தெரியாது. ஆகவே இரு தரப்புக்கும் பொதுவான மற்றச் செயலியைத் தேர்ந்து பேச்சு தொடர்கிறது. ஒரே பிளாஸ்டிக் துண்டு, கடல் தாண்டியதும் வேறு அட்டையாகிவிட்டது. லங்காபே நிறுவனம் ஜப்பானின் ஜேசிபியுடன் சேர்ந்து கொண்டுவந்த இலங்கையின் தேசிய அட்டையும் இப்படித்தான்: உள்நாட்டில் லங்காபே வலையமைப்பு, வெளிநாட்டில் ஜேசிபி வலையமைப்பு.

அடுத்து அட்டை தன் கேள்விகளை வைக்கிறது. தொகை எவ்வளவு? நாணயம் எது? எந்த நாடு? என்ன திகதி? பதில்கள் இலக்கங்களாக வருகின்றன. சர்வதேசத் தரப்படி இலங்கைக்கான குறியீட்டு இலக்கம் 144. இலங்கை ரூபாவுக்கும் அதே 144. ஜெர்மனிக்கு 276, யூரோவுக்கு 978. தன் சிப்பில் 276 என்று எழுதப்பட்டிருக்கும் அட்டை, 144ஐக் கேட்டதுமே தான் வீட்டில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்கிறது. வெளிநாட்டில் என்றால் எப்போதும் வங்கியைக் கேட்டுத்தான் சம்மதிக்க வேண்டும் என்று வங்கி எழுதி வைத்திருந்தால், இங்கே அந்த விதி முன்னுக்கு வரும்.

இதற்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு தடவையும் இயந்திரம் முன்கூட்டி ஊகிக்க முடியாத ஓர் எண்ணை அட்டைக்குக் கொடுக்கிறது. அட்டையிடமும் ஓர் எண்ணி இருக்கிறது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒன்று கூடும், ஒருபோதும் குறையாது. இரண்டு பைட் அளவுள்ள அந்த எண்ணி அதிகபட்சம் 65,535 வரை போகும். தொகை, நாணயம், இயந்திரம் தந்த எண், தன் எண்ணி ஆகியவற்றைச் சேர்த்து, அந்த அட்டைக்கு மட்டுமே உரிய இரகசியச் சாவியால் அட்டை ஒரு மறைகுறியை உருவாக்குகிறது. எட்டு பைட் நீளமுள்ள அந்த மறைகுறிதான் அட்டையின் கையொப்பம். யாராவது அதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தாலும், அடுத்த கொடுக்கல் வாங்கலில் எண்கள் எல்லாம் மாறிவிடுவதால் அது செல்லாக்காசு.

முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும்: சம்மதம், வங்கியைக் கேள், மறுப்பு. இயந்திரமும் தன் பங்குக்குக் கணக்குப் பார்த்து ஒரு யோசனை சொல்லும். ஆனால் இயந்திரம் ‘சம்மதி’ என்று சொன்னாலும் ‘இல்லை, வங்கியைக் கேட்க வேண்டும்’ என்றோ ‘மறுக்கிறேன்’ என்றோ சொல்லும் உரிமை அட்டைக்கு உண்டு. இயந்திரம் ‘வங்கியைக் கேள்’ என்றோ ‘மறு’ என்றோ சொன்ன பிறகு அதை மீறிச் சம்மதிக்கும் உரிமை மட்டும் கிடையாது. எச்சரிக்கையின் பக்கம் மட்டுமே மாற முடியும் என்ற இந்த ஒழுங்கு, இந்தத் தொழில்நுட்பத்திலேயே மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்ட பகுதி.

அட்டையைத் தொடுகையின்றிக் காட்டிப் பழகியவர்களுக்கு ஒரு நாள் திடீரென்று இயந்திரம் ‘அட்டையைச் செருகவும்’ என்று கேட்பது தெரிந்திருக்கும். பழுது என்று நினைத்துவிடுவார்கள். பல நேரங்களில் அதற்குக் காரணம் ஓர் எண்ணிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 50 யூரோவுக்கு உட்பட்ட தொகைகளை இரகசிய இலக்கமின்றிச் செலுத்தலாம். ஆனால் கடைசியாக அடையாளம் உறுதி செய்யப்பட்ட பிறகு தொடர்ந்து 5 தடவை, அல்லது மொத்தம் 150 யூரோ என்ற எல்லையைத் தாண்டினால் மறுபடி உறுதி செய்ய வேண்டும். சில வங்கிகள் இந்த எண்ணிக்கையைத் தங்கள் கணினியில் வைக்கின்றன. சில, சிப்புக்குள்ளேயே வைக்கின்றன. அட்டை திருட்டுப் போனால் திருடனின் கை எட்டும் தூரத்தை அந்தச் சிறிய எண்ணிக்கைதான் அளந்து வைக்கிறது.

அட்டையைச் செருகும்போது இன்னொன்றும் நடக்கலாம். வங்கியின் பதிலோடு சிப்புக்கான கட்டளைகளும் வரும். செயலியை முடக்கு, இரகசிய இலக்கத்தை மாற்று, எண்ணிகளின் எல்லையைத் திருத்து என்பன அந்தக் கட்டளைகள். அவை வங்கியிடமிருந்துதான் வருகின்றன என்பதை மறைகுறியைக் கொண்டு சரிபார்த்த பிறகே சிப்பு கீழ்ப்படியும். மிளகுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் வங்கி அந்த அட்டைக்குள் இருக்கும் விதியைத் திருத்தி எழுதிவிட முடியும்.

பட்டையிலிருந்து சிப்புக்கு

இந்த நிலைக்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் பொறியாளர் பொரஸ்ட் பரி, காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டப் பார்த்துப் பசை எதுவும் சரிவராமல் நின்றார். அவருடைய மனைவி துணி அழுத்தும் இஸ்திரிப்பெட்டியின் சூட்டால் நாடாவை அட்டையோடு பதியவைத்துப் பார்க்கச் சொன்னார், பதிந்தது. காந்தப் பட்டை பிறந்த கதை அது. பட்டையில் எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். உரசும் எந்த இயந்திரத்துக்கும் ஒரே இலக்கங்களை ஒப்புவிக்கும். அதைப் படிக்க முடிந்தவர் படியெடுக்கவும் முடியும். உலகெங்கும் போலி அட்டை வியாபாரம் செழித்ததற்கு வேர் இதுதான்.

ஜெர்மனியில் ஹெல்முட் குரோட்ருப்பும் யூர்கன் டெத்லோபும் 1960களின் பிற்பகுதியிலேயே மின்சுற்று கொண்ட அட்டைக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். குரோட்ருப் இரண்டாம் உலகப் போரில் வி-2 ஏவுகணைத் திட்டத்தில் வேலை செய்தவர். போருக்குப் பின் சில ஆண்டுகள் சோவியத் ஒன்றியத்தில் ஏவுகணை ஆய்வில் இருந்துவிட்டுத் திரும்பியவர். 1974இல் பிரான்சின் ரோலாண்ட் மொரேனோ நினைவகம் கொண்ட அட்டைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த அட்டைகளால் நினைவில் வைத்திருக்க முடிந்ததே தவிர யோசிக்க முடியவில்லை. அதே நாட்டின் மிஷேல் யூகோன் 1970களின் பிற்பகுதியில் அட்டைக்குள் நுண்செயலியை வைக்கும் வழியைக் கண்டபோதுதான் அட்டை கணினியானது. பிரான்சில் 1992 அளவில் வங்கி அட்டைகள் எல்லாவற்றிலும் சிப் வந்துவிட்டது. யூரோபே, மாஸ்டர்கார்ட், விசா மூன்றும் சேர்ந்து 1990களில் வகுத்த பொதுத் தரம், அம்மூன்றின் முதலெழுத்துகளால் ‘ஈஎம்வி’ என்று இன்றும் அழைக்கப்படுகிறது. இந்தியாவில் காந்தப் பட்டை மட்டுமே உள்ள அட்டைகளைச் சிப் அட்டைகளாக மாற்ற ரிசர்வ் வங்கி விதித்த காலக்கெடு 2018 டிசம்பர் 31.

சென்னைக் கதவில் ஒரு பணப்பை

ஒரே அட்டை, இடத்துக்கேற்ப வேறு வேலை செய்வதைத் தமிழர்கள் தினமும் பார்க்கக்கூடிய ஊர் சென்னை. 2019 மார்ச்சில் இந்தியா ‘தேசியப் பொதுப் பயண அட்டை’ என்ற தரத்தை அறிமுகப்படுத்தியது. அதன் வழியில் வந்தது, சென்னை மெட்ரோவும் ஸ்டேட் வங்கியும் சேர்ந்து 2023 ஏப்ரலில் வெளியிட்ட ‘சிங்கார சென்னை’ அட்டை. 2025 ஜனவரியில் அது மாநகரப் பேருந்துகளுக்கும் வந்தது.

இந்தத் தரத்தில் அமைந்த அட்டை, கடை இயந்திரத்தில் வங்கியைக் கேட்டுப் பணம் செலுத்தும், இந்தியாவின் உள்நாட்டு வலையமைப்பான ரூபேயின் சாதாரண அட்டையாக இருக்க முடியும். மெட்ரோ கதவில் அதே சிப் ஒரு பணப்பையாகிவிடுகிறது. உள்ளே போகும்போது கதவு, ஏறிய நிலையத்தையும் நேரத்தையும் சிப்பிலேயே எழுதுகிறது. வெளியே வரும்போது அதைப் படித்து, கட்டணம் கணக்கிட்டு, சிப்பில் இருக்கும் மீதித் தொகையில் கழித்துக்கொள்கிறது. இடையில் வங்கியோடு பேச்சே இல்லை. காலை நெரிசலில் ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும்போது, வலையமைப்பு தாமதித்தால் நிலையமே அடைத்துப்போகும். அதனால் முடிவெடுக்கத் தேவையான அனைத்தையும் அட்டைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

லண்டன் வேறு வழியில் போனது. அங்கே 2012 டிசம்பரில் பேருந்துகளிலும் 2014 செப்டம்பரில் சுரங்க ரயில்களிலும் சாதாரண வங்கி அட்டைகளை ஏற்கத் தொடங்கினார்கள். கதவு அட்டையில் எதையும் எழுதுவதில்லை. இன்ன அட்டை இன்ன நேரம் இன்ன நிலையத்தில் என்று மையக் கணினிக்கு மட்டும் சொல்கிறது. நாள் முடிவில் மையக் கணினி பயணங்களைக் கோத்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பைப் பார்த்து, வங்கியிடம் ஒரே தொகையாகக் கேட்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தவரும் தன் அட்டையோடு ஏறலாம் என்பது இதன் பலம். வலையமைப்பை நம்பியிராமல் ஓடுவது சென்னை முறையின் பலம். மின்சாரமும் இணையமும் விட்டு விட்டு வரும் மலைநாட்டுப் பாதைகளில் பேருந்துக்கு எது பொருந்தும் என்று யோசிப்பவர்களுக்கு இரண்டிலும் பாடம் இருக்கிறது.

பொத்தான் வைத்த அட்டை

அட்டை தானாக மாறுவது ஒன்று; வைத்திருப்பவர் மாற்றுவது இன்னொன்று. இந்தியாவின் இண்டஸ்இண்ட் வங்கி 2018இல் ‘நெக்ஸ்ட்’ என்ற கடனட்டையை வெளியிட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள டைனமிக்ஸ் நிறுவனம் செய்து கொடுத்த தொழில்நுட்பம் அது. அட்டையின் முகத்தில் பொத்தான்களும் சிறு விளக்குகளும் இருந்தன. காசாளரிடம் கொடுப்பதற்கு முன்பே ஒரு பொத்தானை அழுத்தலாம்: சாதாரணக் கடனாகவா, மாதத் தவணையாகவா, சேர்ந்திருக்கும் வெகுமதிப் புள்ளிகளிலிருந்தா என்று. தவணை என்றால் 6, 12, 18, 24 மாதங்களில் எது என்றும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். படிவமும் இல்லை, வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி அழைப்பும் இல்லை. எத்தனை மாதக் கடனுக்குத் தலைகொடுக்கிறோம் என்பதை வாங்குபவரே தன் விரலால் தீர்மானித்துவிட்டுத்தான் அட்டையைக் கொடுக்கிறார்.

இதே ஆசையில் இறங்கிக் கரைசேராமல் போனவர்களும் உண்டு. 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் ‘காயின்’ நிறுவனம், பல அட்டைகளின் விவரங்களை ஒன்றில் ஏற்றி, பொத்தானால் மாறி மாறிப் பயன்படுத்தும் கருவியை அறிவித்தது. அது சிப்பை விட்டுவிட்டுக் காந்தப் பட்டையைப் போலச் செய்யும் கருவி. கையில் கிடைத்தது 2015இல். அந்த ஆண்டு அக்டோபரில்தான் அமெரிக்கா சிப் அட்டைகளின் பக்கம் திரும்பியது. சிப்பைச் செருகச் சொல்லும் இயந்திரங்களின் முன் அந்தக் கருவி பயனற்றுப்போனது. 2016இல் ஃபிட்பிட் அதன் சொத்துகளை வாங்கியது. சேவை அடுத்த ஆண்டு நின்றது. முன்பதிவாக 90 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிய ‘பிளாஸ்ட்க்’ நிறுவனம், ஓர் அட்டையைக்கூட அனுப்பாமல் 2017 ஏப்ரலில் மூடிக்கொண்டது. சிப்பில் இருக்கும் சாவியை யாராலும் படியெடுக்க முடியாது என்பதே அதன் பாதுகாப்பு. பல அட்டைகளை ஒன்றாக்க நினைத்தவர்களுக்கு அதே பாதுகாப்பு சுவராகி நின்றது.

அந்தச் சுவரில் கதவு திறந்தது கைத்தொலைபேசிக்குத்தான். 2014 முதல், வங்கிகள் அட்டை இலக்கத்துக்குப் பதிலாக அந்தத் தொலைபேசிக்கு மட்டுமே செல்லும் மாற்று இலக்கத்தைக் கொடுக்கின்றன. தொலைபேசி தொலைந்தால் அந்த மாற்று இலக்கத்தை மட்டும் அழித்துவிடலாம்; அட்டை அப்படியே இருக்கும். அலுவிகாரைக்கு வரும் இந்தியர்களுக்கு 2024 பெப்ரவரி 12 முதல் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அன்று இந்தியாவின் யூபிஐ கைத்தொலைபேசிக் கட்டணச் சேவை இலங்கையில் தொடங்கிவைக்கப்பட்டது. கடையில் ஒட்டியிருக்கும் லங்காகியூஆர் சதுரத்தைத் தங்கள் தொலைபேசியால் படித்து, இந்திய வங்கிக் கணக்கிலிருந்தே பணம் செலுத்தலாம்.

நடுவில் நுழைந்தவர்கள்

அட்டை நிலைமைக்கேற்ப மாறுகிறது என்றால், நிலைமையைப் பற்றி அதற்குப் பொய் சொல்லி ஏமாற்ற முடியுமா? முடியும் என்று 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஸ்டீவன் மர்டொக், சார் டிரைமர், ரொஸ் அண்டர்சன், மைக் பொண்ட் ஆகிய நால்வரும் கண்டது இது: இரகசிய இலக்கம் சரி என்று அட்டை இயந்திரத்துக்குச் சொல்லும் பதில், கையொப்பத்துக்குள் அடங்கவில்லை. அட்டைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மின்சுற்றை நுழைத்தால், அது இரு வீட்டாரிடமும் இருவேறு கதை சொல்லும் கல்யாணத் தரகர் போல் நடந்துகொள்ளும். இயந்திரத்திடம் ‘இலக்கம் சரி’ என்கிறது. அட்டையிடம் ‘இந்தக் கடையில் இலக்கம் கேட்பதில்லை, கையெழுத்துத்தான்’ என்கிறது. இரண்டும் தத்தம் விதிப்படி சரியாகவே நடக்கின்றன. திருடன் எந்த நான்கு இலக்கத்தை அழுத்தினாலும் பணம் போய்விடுகிறது.

ஆய்வகத்துக்கு வெளியே இது நடக்காது என்று அப்போது சொன்னவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டே நடந்தது. பிரான்சில் திருடப்பட்ட சுமார் 40 அட்டைகளைக் கொண்டு ஒரு கும்பல் 7,000 தடவைக்கு மேல் பொருள் வாங்கியது. இழப்பு 6 இலட்சம் யூரோவுக்குச் சற்றுக் குறைவு. பிடிபட்ட அட்டைகளைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்த்தார்கள். திருடப்பட்ட சிப்பின் மேல் இன்னொரு சிப் ஒட்டி, இரண்டையும் ஒரே அட்டையில் பொருத்தியிருந்தார்கள். கேம்பிரிட்ஜில் பெரிதாக இருந்த கருவி, கும்பலின் கையில் ஓர் அட்டைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. 2015இல் வெளியான அந்த ஆய்வறிக்கை, குற்றக் கும்பல்களும் ஆய்வுக் கட்டுரைகள் படிக்கின்றன என்பதற்குச் சான்று.

தொடுகையற்ற அட்டையிலும் அதே இனத்து ஓட்டை இருந்தது. 2020இல் சூரிக் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேசின், ரால்ஃப் சாஸே, ஹோர்ஹே டோரோ-போசோ மூவரும் ஈஎம்வி தரம் முழுவதையும் கணித வடிவில் எழுதி, கணினியைக் கொண்டு ஓட்டைகளைத் தேடினார்கள். விசா அட்டை இயந்திரத்துக்குச் சொல்லும் ஒரு சிறு தரவு கையொப்பத்துக்கு வெளியே இருந்தது: இரகசிய இலக்கம் வேண்டுமா, வேண்டாமா என்பதைச் சொல்லும் தரவு. இரண்டு ஆண்ட்ராய்டு தொலைபேசிகளை நடுவில் வைத்து அந்தத் தரவை மாற்றினார்கள். ‘இலக்கம் தேவையில்லை, வாடிக்கையாளர் தன் தொலைபேசியிலேயே அடையாளத்தை உறுதி செய்துவிட்டார்’ என்று இயந்திரம் நம்பியது. எல்லைக்கு மேற்பட்ட தொகையும் இலக்கமின்றிச் சென்றது. சோதனைக்கு அவர்கள் பயன்படுத்தியது தங்கள் சொந்த அட்டைகளை.

இரண்டு கதைகளிலும் கணிதம் தோற்கவில்லை. மறைகுறியை யாரும் உடைக்கவில்லை. மாறக்கூடிய ஒரு விடயத்தைக் கையொப்பத்துக்குள் சேர்க்காமல் விட்டதுதான் குறை. அட்டைக்கு எத்தனை முகங்கள் கொடுத்தாலும், இப்போது எந்த முகம் காட்டப்படுகிறது என்பதற்கும் சேர்த்து அது கையொப்பமிட வேண்டும். புதிய வசதி ஒவ்வொன்றும் வரும்போது வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுவே. சூரிக் ஆய்வாளர்கள் குறையைச் சொன்னதோடு, இயந்திரங்களில் செய்யக்கூடிய திருத்தத்தையும் எழுதி, அது போதும் என்பதைக் கணித முறையில் நிறுவியும் காட்டினார்கள்.

பொத்தான் யார் கையில்

அட்டைக்குள் இருக்கும் விதிகளை எழுதுவது வங்கி. செலவாகும் பணம் வாடிக்கையாளருடையது. இந்த இடைவெளியைக் குறைக்க நடந்த முயற்சிகளில் தெளிவானது 2020 ஜனவரி 15இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. அதன்படி, புதிதாகக் கொடுக்கப்படும் அட்டை உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே வேலை செய்யும். இணையக் கொள்வனவு, வெளிநாட்டுப் பாவனை, தொடுகையற்ற கட்டணம் மூன்றும் மூடியே வரும். வேண்டியதை வாடிக்கையாளர் தானே திறக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மூடலாம், எல்லைத் தொகையையும் வைக்கலாம். தொடுகையற்ற கட்டணத்தில் இரகசிய இலக்கம் தேவைப்படாத எல்லையை 2021 ஜனவரி 1 முதல் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியபோதும், அந்த வசதியே வேண்டாம் என்பவருக்கு மூடிவைக்கும் உரிமை இருந்தது. திறந்து கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளச் சொல்வதைவிட, மூடிக் கொடுத்துவிட்டுத் திறந்துகொள்ளச் சொல்வது பெரிய மாற்றம். தொழில்நுட்பம் அறியாதவர்களைக் காப்பாற்றுவது அதுதான், ஏனென்றால் அமைப்புகளைத் தேடிப் போய் மாற்றுபவர்கள் எங்கும் சிலரே.

இலங்கையில் கட்டண அட்டைகளை 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைகள் சட்டத்தின் கீழ் மத்திய வங்கி ஒழுங்குபடுத்துகிறது. ஓர் அட்டையின் வேலைகள் எவ்வளவு வேகமாக மாறலாம் என்பதை இந்நாட்டவர் 2022இல் அனுபவத்தில் கண்டார்கள். அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது வங்கிகள் அட்டைகளின் வெளிநாட்டுப் பாவனைக்கு இறுக்கமான எல்லைகளை வைத்தன. பிளாஸ்டிக்கும் சிப்பும் மாறவில்லை. வங்கிக் கணினியில் ஒரு விதி மாறியது, நேற்று வேலை செய்த இடத்தில் இன்று அட்டை வேலை செய்யவில்லை. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்காக இணையத்தில் கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு அது சிறிய விடயம் அல்ல. விதி தேவையாக இருக்கலாம். மாற்றத்தை வாடிக்கையாளருக்கு முன்கூட்டி, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்வதும் அதே அளவு தேவை.

அடுத்து வருவது விரல். இரகசிய இலக்கத்துக்குப் பதில் கைரேகையைக் கேட்கும் அட்டைகளை மாஸ்டர்கார்ட் 2017இல் தென்னாபிரிக்காவில் சோதித்தது. பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி 2021இல் வாடிக்கையாளர்களுக்கே கொடுத்தது. ரேகை அட்டைக்குள்ளேயே இருக்கும், வங்கிக்குப் போகாது என்பது இதன் நல்ல பக்கம். இலக்கத்தை நினைவில் வைக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் உதவும். ஆனால் ஆண்டுக்கணக்காக மண்வெட்டியும் கத்தியும் பிடித்த கைகளில் ரேகை தேய்ந்துபோகும். இந்தியாவில் ஆதார் கைரேகை ஒத்துப்போகாமல் ரேஷன் கடையில் திரும்பிப் போன கூலித் தொழிலாளர்களின் அனுபவம் பதிவாகியிருக்கிறது. மாத்தளை மலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களின் கைகளும் அப்படிப்பட்டவைதான். அவர்களுக்கு அட்டை கொடுக்கும் வங்கி, விரல் ஒத்துவராதபோது இலக்கத்துக்கு மாறும் வழியையும் அதே அட்டையில் வைத்துக் கொடுக்க வேண்டும். பார்வையற்றவர்களை மனதில் வைத்து மாஸ்டர்கார்ட் 2021இல் அறிவித்த வடிவம் இதற்கு நல்ல முன்னுதாரணம்: கடனட்டைக்குச் சதுர வெட்டு, டெபிட் அட்டைக்கு வட்ட வெட்டு, முன்கட்டண அட்டைக்கு முக்கோண வெட்டு என்று ஓரத்தில் வெட்டி, தடவிப் பார்த்தே எது எது என்று அறியச் செய்தார்கள்.

இத்தனை முன்னேற்றத்துக்கும் நடுவில், பெரும்பாலான அட்டைகளின் முதுகில் அந்தப் பழைய கறுப்புப் பட்டை இன்னும் இருக்கிறது. சிப்பைப் படிக்க முடியாமல் போனால் சில இடங்களில் அட்டையை உரசச் சொல்கிறார்கள். உரசிய கணத்தில் எண்ணி இல்லை, மறைகுறி இல்லை, நாட்டைக் கேட்டு யோசிப்பது இல்லை. 1960களின் அட்டைதான் கையில் இருக்கிறது. மாஸ்டர்கார்ட் 2021இல் ஒரு கால அட்டவணையை வெளியிட்டது. 2024 முதல் ஐரோப்பா போன்ற பிரதேசங்களில் பட்டை கட்டாயமில்லை. 2027இல் அமெரிக்க வங்கிகளுக்கும் கட்டாயமில்லை. 2029 முதல் புதிய கடனட்டைகளும் டெபிட் அட்டைகளும் பட்டையோடு வெளியாகாது. 2033இல் அதன் எந்தக் கடனட்டையிலும் டெபிட் அட்டையிலும் பட்டை இருக்காது. அதுவரைக்கும், சிப்போ தொடுகையோ வேலை செய்யாத இயந்திரத்தை வங்கியிடம் கொடுத்து மாற்றிக்கொள்வதும், உரசச் சொல்லாமல் இருப்பதும் கடைக்காரரின் கையில் உள்ளவை. ஏ9 வீதியில் ஒரு நாளில் பல நாட்டு அட்டைகளைக் காணும் கடைகளுக்கு அந்தக் கவனம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும்.